பேய்க்குக் கண் வைத்த பிள்ளைகள்

(‘ஹாலோவீனுக்குப் பிள்ளைகள் பிரவுனி அலங்கரிப்பது பயனா, பகட்டா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பயனே’ என்ற அணிக்காகக் காரைக்காலை அடுத்த பூவத்தில் பேசியது)



இன்று நவம்பர் 1, நம் புதுச்சேரிக்கு விடுதலை நாள். 1739-இல் காரைக்காலில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள், 1954-இல் இதே தேதியில்தான் நிர்வாகத்தை இந்தியாவின் கையில் ஒப்படைத்தார்கள். அதனால் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை. வார நாளில் வந்தால் நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், இந்தப் பக்கம் நம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். நாளைக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நம் கிறிஸ்தவச் சொந்தங்கள் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு இறந்தவர்களைப் பார்க்கப் போகிற நாள். நேற்று அக்டோபர் 31. ஹாலோவீன் என்ற சொல்லுக்கே ‘புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்தைய மாலை’ என்றுதான் பொருள். ஆக, எங்கிருந்தோ வந்து நம் வாசலில் குதித்த நாள் அது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கோயில் மணி காலங்காலமாக அடித்துக்கொண்டிருக்கிற ஒரு திருநாளின் முதல்நாள் சாயங்காலம், அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதுதான் என் வாதம்.

மழை. கரண்ட் இல்லை. அண்ணன் மகள் பாரிஸிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள்: பிரவுனித் துண்டு ஒன்றுக்கு வெள்ளைக் கட்டுப் போட்டு, நடுவில் இரண்டு கண் வைத்திருந்தாள். பார்த்த உடனே என் மகளோடு சேர்த்துத் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் கூடிவிட்டார்கள். “அத்தை, நாமளும் செய்வோம்.” ஓவன் இல்லை. குக்கரில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, சின்னத் தீயில் வேகவைத்தோம். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தால் கொஞ்சம் ஈரத்தோடு துகள் ஒட்டி வர வேண்டும். குச்சி சுத்தமாக வந்தால் அது வெறும் கேக், பிரவுனி இல்லை. வெந்தது சுருக்காக வெந்துவிட்டது. ஆறுவதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது. சூட்டோடு வெள்ளையை வைத்தால் உருகி ஓடிவிடும் என்று சொன்னேன். ஏழு பிள்ளைகள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து அது ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். நடுவர் அவர்களே, போன் இல்லாமல் ஏழு பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஒன்றாய் உட்கார்ந்திருந்ததை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பிறகு வேலை ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு லாத்தாவின் மகள் மருதாணிக் கோன் பிடித்துப் பழகிய கை. உருக்கிய சாக்லேட்டை மேலே பூசி, அது இறுகுவதற்குள் வெள்ளைச் சாக்லேட்டால் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டாள். நடுவிலிருந்து வெளியே ஈர்க்குச்சியால் ஒவ்வொரு கோடாக இழுத்தாள். எட்டாவது கோடு இழுத்தபோது அங்கே ஒரு சிலந்தி வலை இருந்தது. எங்கள் அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, “அட, மார்கழிக் கோலமாட்டம்ல இருக்கு” என்றார்கள். கோலம் போட்ட கண்ணுக்கு அது கோலமாகத்தான் தெரியும். மண்டபத்தூர்ப் பையன் ஒருவன் பறங்கிக்காய் அல்வாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தான். கத்தி முதுகால் ஆறு வரி அழுத்தி, உச்சியில் ஒரு கிராம்பைக் குத்திப் பிரவுனி மேல் வைத்தான். நெல்லிக்காய் அளவில் ஒரு முழுப் பறங்கிக்காய், காம்போடு!

இப்போது எதிரணியின் முதல் கேள்விக்கு வருகிறேன். “இது அந்நிய நாட்டுப் பழக்கம், நமக்கு எதற்கு?” என்று உணர்ச்சியோடு கேட்டார்கள். அந்த உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பையன் கையில் இருந்த காயின் பெயரைக் கொஞ்சம் கேளுங்கள். பறங்கிக்காய்! பறங்கியர் கொண்டுவந்த காய் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த காய் அது. இன்று தஞ்சைச் சீமையில் பறங்கிக்காய் இல்லாத பொங்கல் குழம்பு உண்டா? மார்கழி வாசலில் சாணப் பிள்ளையார் தலையில் பூத்திருப்பது எந்தப் பூ? மிளகாயும் அப்படி வந்ததுதான், முந்திரியும் அப்படி வந்ததுதான். வந்ததை வாங்கி, நம் கைப்பக்குவத்துக்குப் பழக்கி, நம்முடையதாக ஆக்கிக்கொள்வது இந்தக் கரையின் குணம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1620-இல் டேனியர் கோட்டை கட்டினார்கள். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். கப்பல் வந்து போன கரை இது. நம் இஸ்லாமிய வீடுகளில் ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து, மேலும் கீழும் தணல் போட்டு வேகவைக்கிறார்களே தம்ரூட், அதைத் தின்று வளர்ந்த நாக்குக்குப் பிரவுனி அந்நியமா?

ஹாலோவீன் கொண்டாடுகிறவர்கள் பறங்கிக்காயைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைக்கிறார்கள். அயர்லாந்தில் அதை முதலில் டர்னிப் கிழங்கில் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போனவர்கள் அங்கே பெரிய பறங்கிக்காயைக் கண்டு அதற்கு மாறினார்கள். கெட்டது அண்டாமல் இருக்க வாசலில் ஒரு பயமுறுத்தும் முகம். கொத்தனார் கடைசிச் செங்கல்லை வைத்ததும் நாம் என்ன செய்கிறோம்? பூசணிக்காயில் உருட்டு விழியும் கோரைப்பல்லும் மீசையும் வரைந்து வாசலில் தொங்கவிடுகிறோம். கடலுக்கு அந்தக் கரையில் ஒரு தாய்க்கும் இந்தக் கரையில் ஒரு தாய்க்கும் ஒரே பயம், ஒரே மருந்து. இதில் யாரிடமிருந்து யார் கடன் வாங்கியது?

இரண்டாவது, “பிரவுனிக்கு என்ன பாரம்பரியம் இருக்கிறது, அது வெறும் கடைப் பண்டம்” என்றார்கள். 1893-ஆம் ஆண்டு, சிகாகோ நகரம். இதைச் சொன்னதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விவேகானந்தர். அவரை அனுப்பிவைக்கத் துணை நின்றதில் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதிக்கும் பங்குண்டு. அந்தச் சர்வ சமயப் பேரவை நடந்தது அங்கே கூடிய உலகக் கண்காட்சியை ஒட்டித்தான். அதே கண்காட்சிக்கு வந்த பெண்கள், மதிய உணவுப் பெட்டியில் வைத்துக் கையாலேயே எடுத்துத் தின்ன ஒரு சின்னக் கேக் வேண்டும் என்று பெர்த்தா பாமர் என்ற பெண்மணி கேட்டார். பாமர் ஹவுஸ் ஹோட்டலின் சமையலறையில் அப்படித்தான் பிரவுனி பிறந்தது என்று அந்த ஹோட்டல் சொல்லிவருகிறது. வெளியே கிளம்பிய பெண்களின் கட்டுச்சோறு அது. கட்டுச்சோற்றின் அருமை நமக்குத் தெரியாதா?

மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். “பேயையும் எலும்பையும் தின்பண்டமாக்குவது சாவை விளையாட்டாக்குவது இல்லையா? 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரையில் இது தகுமா?” என்று கேட்டார் எதிரணித் தலைவர். கேட்டதும் எனக்கும் தொண்டை அடைத்தது. சுனாமி அலை வந்து போன வீடுகளின் பிள்ளைகள்தான் நேற்று என் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று சொல்கிறேன்: நேற்று நாங்கள் கல்லறை உருவம் ஒன்றுகூடச் செய்யவில்லை. பிஸ்கட்டை நட்டுக் கல்லறை செய்யலாம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். “வேண்டாம்மா, நாளை மறுநாள் எதிர்வீட்டு மாமி கல்லறைக்குப் போறாங்க” என்றேன். அவளே தலையாட்டினாள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பிள்ளை யோசித்த அந்த ஒரு நிமிடம் பாடப்புத்தகத்தில் கிடைக்குமா?

ஆனால் பேய் வேறு. நடுவர் அவர்களே, நாம் எந்த ஊர் எல்லையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்? காரைக்காலம்மையார் பிறந்த ஊர் இது. புனிதவதி என்ற அழகான பெண். மாங்கனி அற்புதத்தைக் கண்டு கணவன் அஞ்சி விலகிப் போனான். அவனுக்காகச் சுமந்த இந்தத் தசை இனி எனக்கு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று இறைவனிடம் கேட்டு வாங்கினார். உறவினர்கள் அந்த வடிவத்தைக் கண்டு நடுங்கினார்கள். கயிலைக்குத் தலையால் நடந்து வந்த அந்தப் பேயைப் பார்த்து, தாயும் தந்தையும் இல்லாத சிவபெருமான் ‘அம்மையே’ என்று அழைத்தார். விலா எலும்பு எண்ணத்தக்கதாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகம் போய்ப் பார்க்கிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து நாம் மாம்பழம் இறைப்பது யாருக்காக? பேயுருவை வணங்கி, அதன் பெயரால் பழத்தைப் பங்கு போடுகிற ஊரிலே, பிள்ளை பேய் செய்து பங்கு போட்டால் குற்றம் என்கிறீர்களா?

அந்த மண்டபத்தூர்ப் பையனைச் சொன்னேனே, அவன் இருட்டில் கொல்லைக்குப் போகமாட்டான். புளியமரத்தில் முனி இருக்கிறது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நேற்று அவன் ஒரு துண்டை எடுத்து வெள்ளைச் சாக்லேட்டில் பேய் வரைந்தான். கண் வைக்கும்போது கை நடுங்கி, ஒரு கண் கீழே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “அத்தை, இது அழுவுது” என்றான். பிறகு ஈர்க்குச்சியை எடுத்து, அதற்குச் சிரிக்கிற வாய் ஒன்று வரைந்தான். அவனுக்குப் பயம் நேற்றோடு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவரை அவனைப் பயமுறுத்திய ஒன்றுக்கு நேற்று அவன் ஆறுதல் சொன்னான். அதை என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாகச் சர்க்கரை, செலவு, போட்டோ என்று மூன்றைச் சொன்னார்கள். பிளாஸ்டிக் வலையையும் பட்டணத்துக் கடையில் வாங்கிய முகமூடியையும் தூக்கிப்பிடிக்க நான் இங்கே வரவில்லை. படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பாதியைக் குப்பையில் கொட்டுகிற கூத்துக்கும் நான் வக்கீல் இல்லை. நான் பேசுவது கையால் செய்வதைப் பற்றி. ஒரு தட்டில் 16 துண்டு. ஏழு பிள்ளைகளுக்கு ஏழு. மீதி ஒன்பதும் எங்கே போயின? மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒன்று லாத்தா வீட்டுக்கு, ஒன்று எதிர்வீட்டு மாமிக்கு, ஒன்று பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கிற பெரியவருக்கு என்று இப்படியே போயின. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் இதே நாட்களில் பிள்ளைகளும் ஏழைகளும் வீடு வீடாகப் போவார்களாம். வீட்டார் சிலுவைக் குறி போட்ட சின்னக் கேக்குகளைக் கொடுப்பார்களாம். வாங்கியவர்கள் அந்த வீட்டின் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்களாம். ஆன்மாக் கேக் என்றே அதற்குப் பெயர். அலங்காரத்தின் வேர் அதுதான், நடுவர் அவர்களே. பண்டத்தின் மேல் போடுகிற ஒரு குறி, ‘உங்களை நினைத்துச் செய்தேன்’ என்று சொல்கிறது. மாவிளக்கின் நடுவில் குழி பறித்து நெய்த் திரி ஏற்றுகிறோமே, அதுவும் சொல்வது இதையேதான்.

எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது ஒரு துண்டு குறைந்தது. பறங்கிக்காய் வைத்த துண்டு. யார் எடுத்தது என்று கேட்டேன், எல்லோரும் இல்லை என்றார்கள். கரண்ட் வந்த பிறகுதான் பார்த்தேன். கூடத்தில் மாமனார் படத்துக்கு முன்னால், விளக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தட்டில் இருந்தது. என் ஆறு வயது மகள் வைத்திருக்கிறாள். அவள் அவரைப் பார்த்ததே இல்லை. “தாத்தாவுக்கும் ஒண்ணும்மா. அவருக்குக் கிராம்பு வேணாம்னு எடுத்துட்டேன், பல்லு இல்லேல்ல” என்றாள்.

படையல் போடு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கையால் ஒன்றைச் செய்து முடித்த பிள்ளைக்கு, யாருக்குக் கொடுக்கலாம் என்று தானாகத் தோன்றியது. இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இல்லாதவரையும் நினைத்துக்கொண்டாள். இதைப் பகட்டு என்று தீர்ப்பு எழுத உங்கள் பேனா இடம் கொடுக்காது என்று நம்புகிறேன். பயனே, பயனே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.