உழைக்கும் துணிகள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



துணி என்றதும் வேட்டியும் சேலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. உடுப்பதற்கன்றி, உழைப்பதற்கென்றே நெய்யப்படும் துணிகளும் உள. அவற்றைக் குறித்துச் சில கூற விழைகின்றேன். வெள்ளவத்தைவாசிகளுக்கு இது அந்நியமான பொருளன்று. இன்று ஹவ்லொக் சிற்றி மாடங்கள் நிற்கும் நிலத்திலேதான் அன்று வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது.

முதலில் இயற்கை நார்கள். பருத்தி நனைந்தால் வலிமை கூடும். எனவே பாய்மரத்துக்கும் கூடாரத்துக்கும் கித்தான் ஆயிற்று. சணற் சாக்கு காற்றை உள்ளே விடும். வெங்காயம் வேர்த்து அழுகாமல் காக்கும். நமது தென்னந்தும்போ உப்புநீருக்கும் எளிதில் அஞ்சாது. மண் சரியும் இடத்திலே தும்பு வலையை விரித்தால், புல் வேரூன்றும்வரை மண்ணைப் பிடித்துவைத்து, சில ஆண்டுகளில் தானும் மண்ணாகிவிடும்.

இனிச் செயற்கை நார்கள். 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் நைலோனை ஆக்கினார். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் இருவரும் பொலியெஸ்ரர் நாரைக் கண்டனர். பருத்தி வலையை மீனவர் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, ஓயாது உலர்த்த வேண்டியிருந்தது. நைலோன் வலை உக்காது. அறுந்து கடலோடு போனாலும் உக்காது. ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். நன்மையும் தீமையும் ஒரே குணத்தில் அமைந்திருத்தலை நோக்குக! 2004 ஆழிப்பேரலையின் பின்பும், 2009இல் போரின் முடிவிலும் நம் மக்களுக்குக் கூரையானது தறப்பாள். மழையை அது மறித்தது. நண்பகலில் அதன் கீழ் இருக்க முடியவில்லை.

என் ஒன்றுவிட்ட அண்ணர் ஒரு பட்டறையில் ஒட்டுவேலை செய்தவர். ஒருநாள் அவரது பொலியெஸ்ரர் சேட்டிலே தீப்பொறி விழுந்தது. துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்றும் அவர் மார்பில் உண்டு. நைலோனும் பொலியெஸ்ரரும் ஏறத்தாழ 260 பாகை சென்ரிகிரேட்டில் உருகும். பருத்தியும் எரியும், ஆயினும் உருகி ஒட்டாது. ஆதலின் தீயின் முன் வேலை செய்வோருக்குத் தீத்தாங்கும் பதம் செய்த தடித்த பருத்தியே உகந்தது. திருவிழாவில் தீவட்டி ஏந்தும் நம் தொண்டர்களும் நைலோன், பொலியெஸ்ரர் ஆடைகளைத் தவிர்த்தல் நன்று.

அன்பர்களே! இயற்கை உயர்ந்ததா, செயற்கை உயர்ந்ததா என்று பட்டிமன்றம் நடத்துவதாற் பயனில்லை. இத்துணி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கேட்டறிந்து வாங்குவோம். தொழிலுக்குப் போகும் தம்பிமாருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்போம். அந்த ஒரு கேள்வி ஓர் உடலைக் காக்கலாம்.