குட்டையான ஓடுதளத்துக்கு எந்த விமானம்?

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



"சின்ன விமானத்துக்கு இவ்வளவு பணமா? பழையதொன்றை மலிவாக வாங்கக் கூடாதா?" என்று உங்களில் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் காணிக்கையில் பறக்கப்போகும் விமானம் அது. எங்களுக்கும் பதில் எளிதில் கிடைக்கவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலை கிடையாது. மலைக்குள் பல ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர நாள்கணக்கில் நடக்க வேண்டும். பிரசவ வேதனையில் இருக்கும் தாய் எப்படி நடப்பாள்? அதனால்தான் கிராமத்தாரே மண்வெட்டியால் மலைச்சரிவை வெட்டிப் புல் ஓடுதளங்களை அமைத்தார்கள். சில தளங்களின் நீளம் 400 மீட்டர்கூட வராது. தட்டையாகவும் இராது. மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி எழும்ப வேண்டும். இறங்கும்போது ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் மறுபடி மேலே போக வழியில்லை, எதிரே மலை. 1951-ல் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் அங்கே மடாங்கிலிருந்து ஓர் ஆஸ்டர் விமானத்துடன் ஊழியத்தைத் தொடங்கியது. அதே ஆண்டிலேயே அதன் விமானி மலையில் மோதி மரித்தார்.

இன்னொன்று வெயில். 5,000 அடி உயரத்துத் தளத்தில் 30 டிகிரி வெப்பம் அடித்தால், காற்று ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக் காற்றைப்போல் மெலிந்துவிடும். இறக்கைக்கும் பலம் குறையும், எஞ்சினுக்கும் குறையும். காலை ஏழு மணிக்கு எழும்புகிற விமானம் நடுப்பகலில் அதே பாரத்தோடு எழும்பாது. நோயாளிகளோ விமானிக்கு வசதியான நேரம் பார்த்து வருவதில்லை!

விற்பனைக்கு வருபவற்றில் எங்கள் கைக்கு எட்டுவது பழைய செஸ்னா 206. ஆறு இருக்கை, 300 குதிரைத்திறன். கடல் மட்டத்தில், நல்ல தளத்தில் சுமார் 900 அடி ஓடி எழும்பும். எதிரே 50 அடி உயர மரம் நின்றால் அதைத் தாண்ட ஏறத்தாழ இரட்டிப்புத் தூரம் வேண்டும். விமானி, எரிபொருள் எல்லாம் சேர்த்து 650 கிலோ அளவில் சுமக்கும். ஆனால் அது விமானப் பெட்ரோலில் ஓடுவது. அந்தப் பெட்ரோல் மலைநாட்டில் அரிது, விலையும் அதிகம்.

ஹீலியோ கூரியர் எங்கள் விமானிக்கு மிகவும் பிடித்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு மெதுவாகவும் கட்டுப்பாட்டோடு பறக்கும். விக்ளிஃப் ஊழியர்களின் ஜார்ஸ் அமைப்பு அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. இப்போது அதைச் செய்வாரில்லை. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் போர்ட்டரின் தயாரிப்பும் 2022-ல் நின்றுவிட்டது.

மிஷனெரி ஊழியத்தை மனதில் வைத்தே வடிவமைத்தது கோடியாக். 2007-ல் சான்றிதழ் பெற்றது. முழுப் பாரத்தோடு 934 அடியில் எழும்புகிறது. எளிதில் கிடைக்கும் ஜெட் எரிபொருளே போதும். செஸ்னா எஞ்சினை 1,700 மணி நேரத்துக்கு ஒருமுறை முற்றிலும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு 4,000 மணி நேரம். ஆனால் புதியதின் விலை 20 லட்சம் டாலருக்கு மேல். அந்தத் தொகையைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே விலைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் மிகக் குட்டையான தளத்திலிருந்து, நடுப்பகலில், எத்தனை கிலோவோடு பத்திரமாக எழும்பலாம்? ஸ்ட்ரெச்சரில் ஒரு தாய், உடன் ஒரு நர்ஸ், விமானி, திரும்பி வரவும் அவசரத்துக்கும் எரிபொருள். இறக்கையில் மாற்றம் செய்த செஸ்னா இந்தப் பாரத்தோடு எங்கள் தளங்களில் இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் எழும்பும். அந்த இரண்டில் நர்ஸை விட்டுவிட்டுத்தான் வர முடியும். அது எங்களுக்குச் சம்மதமில்லை.

அதனால் செஸ்னாவை வாங்குவதென்று தீர்மானித்தோம். விலையில் மிஞ்சும் பணம் எஞ்சின் புதுப்பிப்புக்கென்று தனிக் கணக்கில் இருக்கும். வேறெதற்கும் அதைத் தொடமாட்டோம். அந்த இரண்டு ஊர்களுக்கு, கோடியாக் வைத்திருப்பவர்களிடம் வாடகை பேசுகிறோம். அவற்றில் ஓர் ஊரார் தளத்தை இன்னும் எண்பது மீட்டர் வெட்டித் தருவதாகச் சொல்லி, மண்வெட்டி மட்டும் கேட்டிருக்கிறார்கள். நாற்பது மண்வெட்டி.

எடைக் கணக்குத் தாளை வாசலருகே மேஜையில் வைத்திருக்கிறோம். பார்த்துவிட்டுக் கேளுங்கள்.