மருந்து என்று சொல்கிறோமே!



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் புல்லைக் கொல்லும் விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘மருந்து’! காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, லாலாங்கைக் கருக்குவதும் மருந்து. பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். முறிவு மருந்தே கிடையாது. 2002இல் அதை நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதிதான். அத்தனை ஆண்டும் முதுகில் பம்பு சுமந்தவர்களில் எத்தனையோ பேர் நம் பெண்கள்.

அதுதான் போய்விட்டதே என்று இருந்துவிடாதீர்கள். மற்ற மருந்துகள் கடையில் இருக்கின்றன. லேபிளில் உள்ள வண்ணப் பட்டையைப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் கடும் விஷம்; பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. வெள்ளை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை! காலி டின்னில் தண்ணீர் பிடிக்கவே வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் சரி.

வீட்டுக்குப் பின்னால் கத்தரி, பயிற்றங்காய் போடுகிறவர்களுக்கு லேபிளில் இன்னொரு கணக்கும் உண்டு: மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலாய் வாசிக்கத் தெரியும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.

பயனீட்டாளராகிய நாமும் கேட்கலாம். பாசார் மாலாமில் சொந்தத் தோட்டத்துக் கீரை என்று விற்கிறவரிடம், “கடைசியா எப்போ மருந்தடிச்சீங்க?” என்று நான் கேட்பதுண்டு. சிலர் முறைப்பார்கள். நாள் சொல்லுகிறவரிடம்தான் வாங்குகிறேன்.