பூநாரையும் நெடுவில்லையும்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வங்காலைக் களப்பிலே பூநாரைகள் இரை தேடும். படம் பிடிப்பவர் நெருங்கினால், மேய்ச்சலை விட்டுக் கூட்டம் முழுவதுமே பறந்துவிடும். வலசை வந்த பறவைக்கு அவ்விழப்பு சிறிதன்று.

400 மில்லிமீற்றர் வில்லை, 50 மில்லிமீற்றர் வில்லையிலும் எட்டு மடங்கு பெரிதாக உருவைக் காட்டும்; ஆதலால் எட்ட நின்றே படம் எடுக்கலாம். ஆனால் கைநடுக்கமும் எட்டு மடங்காகும். முக்காலி இன்றேல், ஷட்டர் ஒரு செக்கனின் 500இல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருத்தலாகாது. நண்பகலிலோ உப்புவெளி மேல் கானல் நெளியும். 600 மில்லிமீற்றர் வில்லைக்குப் பெரும்பணம் கொடுத்தவரும் அதனை வெல்லார். அக்கானலும் பெரிதாகவே படத்தில் விழும்! விடியலில், வெயிலை முதுகில் வாங்கிக் கரையோரம் அசையாது அமர்ந்திருப்பின், பறவைகளே மேய்ந்தபடி அருகே வருதலும் உண்டு.