கம்பியில் சுற்றும் விமானம்

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்து ஜிம் வாக்கர் 1940 வாக்கில் ஒரு வகை மாதிரி விமானத்தைப் பிரபலமாக்கினார். ரேடியோ கிடையாது. இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வந்து, நடுவில் நிற்பவரின் கைப்பிடியில் முடியும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிப்பதால், அவரும் கூடவே சுற்றிக்கொண்டே நிற்க வேண்டும்!

கம்பி 20 மீட்டர் என்றால் வட்டத்தின் குறுக்களவு 40 மீட்டர். 68 மீட்டர் அகலக் கால்பந்து மைதானத்தில் தாராளமாக அடங்கும். விடியற்காலையில் சும்மா கிடக்கும் மைதானத்தை இந்த விமானம் விடுபவர்களுக்கும் கொடுக்கலாமே என்பது என் ஆசை. பேட்டரி மோட்டார் வந்தபின் இரைச்சலும் குறைவு. ஒன்று மட்டும் கண்டிப்பு: பக்கத்தில் மின்கம்பி போகக் கூடாது, கையில் இருப்பதும் உலோகக் கம்பிதானே. பிள்ளைகள் பந்தோடு வந்துவிட்டால், விமானத்தை இறக்கிக் கம்பியைச் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான்.