மில்னர் சாகலீங்க!

‘ரசிகன் தேடிப் போவது நடிகரையா, அவர் ஏற்ற பாத்திரத்தையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரத்தைத்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “அமெரிக்காவுல கார் கண்காட்சிக்கு நடிகர் வந்தா, காரை விட்டுட்டு அவர் பின்னாடி ஓடுறான், இது நட்சத்திர மோகம்” என்றார். நண்பரே, அதே கண்காட்சிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பெட்ரோல் செலவு என்னுது! (சிரிப்பு)

1973-ல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த படம் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’. 1962-ல், கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. அதிலே ஜான் மில்னர் என்று ஒரு இளைஞன். வெள்ளை பனியன். பனியன் கையில சுருட்டிச் செருகிய சிகரெட் பாக்கெட். மஞ்சள் நிறத்தில் 1932 மாடல் ஃபோர்டு. பழைய காரை வாங்கி, மட்கார்டைக் கழட்டி, கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சினை மாட்டுறாங்களே, அதுக்குத்தான் ‘ஹாட் ராட்’னு பேர். மலிவு விலைக் காரில் எட்டு சிலிண்டர் எஞ்சினை 1932-ல் ஃபோர்டு கம்பெனி போட்டது பாருங்க, அதுல பிடிச்ச கிறுக்கு! இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்த பட்டாளத்துப் பையன்கள் பலபேர் கைக்காசை அதிலேதான் கொட்டினாங்க.

மில்னராக நடித்தவர் பால் லெ மாட். கறுப்பு 1955 செவ்ரலேயில் வந்து அவரைப் பந்தயத்துக்கு இழுத்தவர் யார் தெரியுமா? ஹாரிசன் ஃபோர்டு! பின்னாளில் உலகமே அறிந்த ஹாரிசன் ஃபோர்டு! பால் லெ மாட்டுக்கு அந்த உயரம் கிடைக்கவில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகள் கழித்து, படப்பிடிப்பு நடந்த பெட்டலூமா ஊர்க் கார் விழாவுக்கு அவர் வந்தபோது ஜனங்கள் தேடி வந்தாங்க. நட்சத்திர மோகம்னா இந்த மனுஷன்கிட்ட ஏன்யா வரணும்? (கைதட்டல்)

இன்னொண்ணு கேளுங்க. படம் முடியறப்போ திரையில் எழுத்துப் போடுறாங்க. 1964 டிசம்பரில் குடிகாரன் ஓட்டின வண்டியால மில்னர் செத்துப்போனான். தியேட்டர்ல மனசு கனத்து வெளியே வந்தவன், வருஷங்கள் கழிச்சு ஒரு மேஜைக்குப் பின்னால, தலை நரைச்ச மில்னர் உட்கார்ந்திருக்கறதைப் பார்க்கிறான். செத்தவன் கை குடுக்கிறான் நடுவர் அவர்களே! நரைக்கிற வயசு மில்னருக்குக் கிடைக்கவே இல்லையே. ‘அப்பா செஞ்ச வண்டி, அப்பா இல்லை’ என்று சொல்பவனும் அந்த வரிசையில் இருப்பான். டேஷ்போர்டுல கையெழுத்துக் கேட்பான். போட்டோவுக்குக் காசு வாங்கறாங்களேங்கறார் நண்பர். வாங்கட்டுமே! நடிகருக்கும் வயிறு இருக்கில்ல?

அந்தப் பந்தயத்துல செவ்ரலே கவிழ்ந்து மில்னர் ஜெயிக்கிறான். ஆனா நண்பன்கிட்ட, ‘அவன்தான் முந்திக்கிட்டிருந்தான், நான் தோத்திருப்பேன்’னு உண்மையைச் சொல்றான். நண்பன் ஒத்துக்கவே மாட்டேங்கறான். நீதான் முதல்வன்னு அடம் பிடிக்கிறான். ரசிகன்னா அவன்தான்! வரிசையில நிக்கறவங்க எல்லாம் அவனோட அண்ணன் தம்பிங்க.

மணி அடிச்சிட்டீங்க, ஒரே நிமிஷம். படப்பிடிப்பு முடிஞ்சதும் அந்த மஞ்சள் காரை விற்கப் பார்த்தாங்க. வாங்க ஆளில்லை. ஜனங்க படம் பார்த்தப்புறம்தான் அது மில்னர் கார் ஆச்சு. இரும்புக்கே அப்படின்னா, நண்பரே, நடிகரைப் பத்தி நீங்களே யோசிச்சுக்கோங்க. (கைதட்டல்)