தண்ணீரில் வளரும் தீவனம்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் விலையேறிப் போவதைச் சென்ற கூட்டத்தில் தாய்மார்கள் எடுத்துச் சொன்னார்கள். அதற்கு ஓரளவு கைகொடுக்கும் அசோலா என்னும் செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

பார்த்தால் பாசிபோல் இருக்கும். ஆனால் அது பெரணி இனம். தண்ணீரில் மிதந்தே வாழும். சூழ்நிலை ஒத்துவந்தால் ஒரு வாரத்திற்குள் இரண்டு மடங்காகும். இதன் இலைக்குழியில் அனபேனா என்ற நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. நமக்கு இது புதுமையன்று. இளங்கன்று நட்ட காட்டில் மூடுபயிராக விடும் கொடிகளின் வேர் முண்டுகளில் வேறொரு நுண்ணுயிர் செய்வதும் இதே வேலைதான். உரம் சாக்கில் வராத காலத்திலேயே சீனாவிலும் வியட்நாமிலும் உழவர்கள் அசோலாவை வயலில் வளர்த்து, சேற்றில் மிதித்து, நெல்லுக்கு எருவாக்கினார்கள். மாட்டுத் தீவனமாக இதைப் பரப்பியவர்களில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தாரும் உண்டு.

வளர்ப்பது கடினமல்ல. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும். சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்பி, 2 கிலோ சாணியையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை விதைச்செடியைத் தூவ வேண்டும். இரண்டு வாரத்தில் குழி நிறையும். பிறகு தினம் அரைக்கிலோ அளவில் அள்ளலாம். அள்ளாமல் விட்டால் நெருங்கி அழுகிவிடும். சுள்ளென்ற வெயில் ஆகாது, பாதி நிழல் வேண்டும். நம் ஊர் மழைக்குக் கரையை உயர்த்திக் கட்டாவிட்டால் செடி முழுவதும் காணுக்குப் போய்விடும். கொசு முட்டையிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டெங்கி நமக்குத் தெரியாததா!

அள்ளியதைச் சாணி வாடை போக நல்ல தண்ணீரில் அலசி, வழக்கமான தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். காய்ந்த எடையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம் உண்டு என்பது மெய். ஆனால் பச்சையாக அள்ளுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். அரைக்கிலோ காய்ந்தால் 50 கிராம்கூடத் தேறாது. ஆகையால் ஒரு குழியை நம்பித் தவிட்டையும் புண்ணாக்கையும் நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாறு கோழி வைத்திருப்பவருக்கு உதவி கண்ணுக்குத் தெரியும். பசு மாட்டுக்கு ஒரு குழி போதாது.

இனி முக்கியமான ஒன்று. காணில் மிதப்பதை அள்ளி வந்து கோழிக்குப் போடவே கூடாது. அசோலா தண்ணீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அதனால் அழுக்கு நீரைச் சுத்தப்படுத்தவும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்தடிக்கும் காட்டுத் தண்ணீரும், பால் ஸ்டோர்க் கழிவும் எந்தக் காணில் சேருகின்றன என்று உங்களுக்குத் தெரியும். பாராகுவாட் மருந்து இந்நாட்டில் 2020-ஆம் ஆண்டு தடையானதென்றாலும், மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன. முதுகில் டின்னைச் சுமக்கும் சகோதரிகளிடம் கேளுங்கள், சொல்வார்கள். மலாய்க்காரர் கியம்பாங் என்னும் அகன்ற இலைச் செடியையும் அசோலா என்று எண்ணிவிடாதீர்கள். வளர்த்ததை ஆற்றிலோ குளத்திலோ கொட்டவும் வேண்டாம். தண்ணீரை மூடி மீன்களுக்கு மூச்சடைக்கச் செய்யும்.

இதைக் காட்டி, "செலவைக் குறைக்க வழி இருக்கிறதே, சம்பள உயர்வு ஏன்?" என்று எந்த நிர்வாகமாவது கேட்டால், கோழித்தீவனம் வேறு, கூலி வேறு என்று சொல்லிவிடுவோம். லயத்துக்குப் பின்னால் குழி வெட்ட இடம் கேட்டுக் கிளையின் பேரில் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை கொல்லையில் இடமுள்ளவர்கள் தொடங்கலாம். விதைச்செடி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.